சாபமா, சம்பந்தமா?

நம் நாட்டில் ஒரு குழந்தைக்கு மூக்கிலிருந்து இரத்தம் வடிந்து அது சீக்கிரத்தில் நிற்கவில்லையானால், உடனே ஒரு விசாரணை ஆரம்பமாகிவிடுகின்றது. அந்த விசாரணை குழந்தையின் இரத்தத்தைப் பற்றியதாக இருக்குமானால் நாம் சந்தோஷப்படுவோம். அப்படிக்கின்றி, அது குழந்தையின் தாயைப் பற்றிய விசாரணையாகவே இருந்து வருகின்றது. அவள் எந்த நட்சத்திரத்தில் பிறந்தவள்? கர்ப்பமாயிருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்தாளா? குலதெய்வத்திற்கு வேண்டிக்கொண்டதைச் செலுத்தாமல் விட்டாளா? தீட்டோடு கோவில் வாசலை மிதித்தாளா? இந்தப்படியாகக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். குழந்தையின் மூக்கிலிருந்து இரத்தமும் வந்துகொண்டே இருக்கும்.

காட்டூரில் நமக்கு நன்றாய்த் தெரிந்த ஒரு வீட்டில் நடந்த சங்கதியை இங்கு எடுத்துக்கொள்ளுகின்றோம். பெயர் சொல்ல வேண்டிய அவசியமில்லை; அவர்கள் சம்மதத்தின் பேரிலேயே எழுதுகின்றோம். இரண்டு வயதுப் பெண் குழந்தை. குலதெய்வத்தின் முன்னிலையில் காது குத்துவதென்று முடிவு செய்து, வேன் பிடித்து, கிடா வெட்டி, ஊரைக் கூட்டிப் பந்தி போட்டார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்து ஆசாரி காது குத்தினார். இரத்தம் வந்தது. மஞ்சளை வைத்தார்கள், நிற்கவில்லை. காப்பித் தூளை அப்பினார்கள், நிற்கவில்லை. சாமி திருநீற்றைப் போட்டார்கள், அதற்கும் நிற்கவில்லை. மறுநாள் பொழுது விடிந்தும் தலையணை நனைந்துகொண்டேயிருந்தது. ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனதில் அவர் வலிக்கென்று இடுப்பில் ஓர் ஊசி போட்டார். ஊசி போட்ட இடமும் கருநீலமாக வீங்கிப் போய்விட்டது.

பிறகுதான் இரத்தம் எடுத்துப் பரிசோதனை செய்தார்கள். டெங்குக் காய்ச்சல் வந்த பிறகு பிளேட்லெட் என்கின்ற சொல்லைத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. நம் தமிழில் தட்டணுக்கள் என்கின்றோம். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை அவை இருக்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு 2,60,000 இருந்தது. அதாவது குறைவே கிடையாது. உடனே வீட்டார் என்ன தீர்மானத்துக்கு வந்தார்கள் என்று நினைக்கின்றீர்கள்? "மிஷினே ஒன்றுமில்லையென்று சொல்லிவிட்டது; ஆகவே இது தெய்வக் குற்றம்தான்" என்று தீர்மானித்துவிட்டார்கள். குறி சொல்லுகிறவர் வரவழைக்கப்பட்டார். தாய் ஒரு மண்டலம் விரதமிருக்க வேண்டுமென்று தீர்ப்பாயிற்று. மாமியார் அம்மாளோ, "இவள் இந்த வீட்டுக்குள் கால் வைத்த நேரம்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அந்தப் பெண் எங்கிருந்தோ வந்து இந்த வீட்டுக்குள் கால் வைத்தவள் அல்ல. கணவன் தன் சொந்த அக்காளின் மகளைத்தான் கட்டியிருக்கின்றான். அப்படியானால் அந்த மாமியார் யார்? அந்தப் பெண்ணைப் பெற்றவளைப் பெற்ற பாட்டியேதான். தன் மகள் வயிற்றுப் பேத்தியைத் தன் மகனுக்கே கட்டி வைத்துவிட்டு, "எந்த வம்சத்திலிருந்து இந்தச் சனியனைக் கொண்டு வந்தாளோ" என்று அந்தப் பாட்டியே கேட்கின்றாரென்றால், நம் மக்களின் யோசனை எந்த லட்சணத்தில் இருக்கின்றது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா என்று கேட்கின்றோம்.

நிற்க, தட்டணு என்பது என்ன, அதன் வேலை என்ன என்பதை முதலில் பார்ப்போம். நாம் கல்லூரி வாசலை மிதித்தவர்களல்ல. புத்தகத்தைப் படித்தும், படித்தது புரியாத இடத்தில் டாக்டர்களைத் துளைத்துக் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்லுகின்றோம். எலும்பு மஜ்ஜையில் பெரிய பெரிய அணுக்கள் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிய்ந்து வரும் துணுக்குகளே தட்டணுக்கள். ஒவ்வொன்றும் ஏழு முதல் பத்து நாள் வரையில் உயிரோடிருக்கும். இத்தாலி தேசத்து ஜூலியோ பிட்சோட்செரோ என்பவர் 1882ஆம் ஆண்டிலேயே இவற்றின் வேலை இன்னதென்று எடுத்துக் காட்டிவிட்டார்.

காவிரிக்கரை உடைப்பெடுத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையை விளக்குவது சுலபம். கரை உடைந்ததும் ஊரார் ஓடுகின்றார்கள். உடைந்த இடத்தில் மூங்கில் முளை அடிக்கப்படுகின்றது. முதலில் ஓடியவர்கள் ஒரு கையால் அந்த முளையைப் பற்றிக்கொண்டு, மறு கையால் பக்கத்திலிருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுகின்றார்கள். இப்படியாக ஆள்மேல் ஆள் சேர்ந்து அணை ஆகின்றது. பிறகு மூட்டையும் வைக்கோலும் மண்ணும் வந்து அடைத்து உடைப்பு நிற்கின்றது. இரத்தக் குழாய் அறுபட்டாலும் இதேதான் நடக்கின்றது. முளையாக நிற்பது இரத்தத்திலுள்ள ஒரு புரதம். அதற்கு வில்லிபிராண்ட் காரணி என்று பெயர். அந்த முளையைப் பிடிப்பதற்குத் தட்டணுவின் மேல் ஒரு கை இருக்கின்றது. பக்கத்துத் தட்டணுவோடு சேருவதற்கு வேறொரு கை இருக்கின்றது. இந்த இரண்டாவது வகைக் கை மாத்திரம் ஒரு தட்டணுவின் மேல் சுமார் 80,000 இருக்கின்றதென்று கணக்கிட்டிருக்கின்றார்கள்.

இப்பொழுது யோசித்துப் பாருங்கள். கரைக்கு 2,60,000 பேர் ஓடி வந்திருக்கின்றார்கள்; ஆனால் ஒருவருக்காவது பக்கத்திலிருப்பவரைப் பிடிக்கக் கை இல்லை என்றால் உடைப்பு அடைபடுமா? தலையை எண்ணிவிட்டுப் போகின்ற மிஷின், "ஆள் பலம் சரியாக இருக்கின்றது" என்றுதானே சொல்லும்? காட்டூர்க் குழந்தைக்கு இருந்த கோளாறு இதுவே. 1918ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து தேசத்துக் குழந்தை மருத்துவர் எடுவர்ட் கிளான்ஸ்மன் என்பவர், எண்ணிக்கை சரியாயிருந்தும் இரத்தம் நிற்காத குழந்தைகளைப் பார்த்து, இது தட்டணுவின் சக்திக் குறைவென்றும், குடும்பத்தில் வழிவழியாக வருவதென்றும் எழுதி வைத்தார். அவர் பேராலேயே கிளான்ஸ்மன் நோய் என்று அழைக்கப்படுகின்றது. அதே மாதிரி, முளையைப் பிடிக்கும் முதல் கை இல்லாத நோயை 1948இல் பிரான்சு தேசத்தில் பெர்னார், சூலியே என்கின்ற இரு டாக்டர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதில் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவத்தில் பெருத்தும் இருக்கும்.

எண்ணிக்கை என்பது மற்றொரு விதத்திலும் ஏமாற்றக்கூடும். மேற்கு வங்காளத்து இரத்ததானிகளை ஆராய்ந்து வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் 2002ஆம் ஆண்டில் ஒரு விவரம் வெளியிட்டார்கள். அவர்களில் பலருக்குத் தட்டணு எண்ணிக்கை குறைவு, உருவமோ பெரிது. ஆனால் அவர்களுக்கு இரத்தப்போக்குத் தொல்லை எதுவும் கிடையாது. பிறவியிலேயே அமைந்த ஒரு மாதிரி அது. ஹாரிஸ் தட்டணு நிலை என்று பெயரிட்டிருக்கின்றார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணை மாத்திரம் பார்த்துப் பயந்து, நோயில்லாதவருக்கு ஸ்டீராய்டு மருந்தை ஊட்டினால் லாபம் யாருக்கு? ஆகவே எண் குறைந்தால் ஆபத்தென்பதும், எண் சரியாயிருந்தால் ஆபத்தில்லை என்பதும் இரண்டும் அரை அறிவே. அணு எத்தனை, எந்தப் பருமன், என்ன வேலை செய்கின்றது என்கின்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

இங்கு ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்குத் தட்டணு திடீரென்று குறைவதெல்லாம் பிறவிக் கோளாறல்ல. ஏதோ ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து போன பிறகு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தவறுதலாகத் தட்டணுக்களை அழித்துவிடுவதுண்டு. அப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திற்குள் தானாகவே சரியாகிவிடுகின்றது. அந்தச் சமயத்தில் வேண்டுதல் செய்தவர், "பார்த்தீர்களா, அம்மன் கண் திறந்தாள்" என்கின்றார். பப்பாளி இலைச் சாறு கொடுத்தவர், "பார்த்தீர்களா, இலையின் மகிமை" என்கின்றார். வேண்டாதவர் வீட்டுக் குழந்தைக்கும், இலை அரைக்காதவர் வீட்டுக் குழந்தைக்கும் சரியானதை மாத்திரம் ஒருவரும் பார்ப்பதில்லை. பிறந்தது முதல் அடிக்கடி மூக்கிலும் ஈறிலும் இரத்தம் வருவது, தொட்டால் கன்றிப் போவது, சொந்தத்தில் இன்னொருவருக்கும் அப்படி இருப்பது, ஸ்டீராய்டு கொடுத்தும் மாறாமலிருப்பது ஆகியவை இருந்தால்தான் இது பரம்பரைக் காரியமோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்படிச் சந்தேகப்படாத காரணத்தால் வீணாக மண்ணீரலைப் பறிகொடுத்த குழந்தைகளும் உலகத்தில் உண்டு.

பரம்பரை என்றால் என்ன? உடம்பிலுள்ள ஒவ்வொரு பொருளையும் எப்படிச் செய்வது என்பதற்கு எழுத்தாக ஒரு குறிப்பு இருக்கின்றது, அதுதான் மரபணு. பெரும்பாலான குறிப்புகளுக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தகப்பன் கொடுத்தது; மற்றொன்று தாய் கொடுத்தது. ஒரு பிரதியில் அச்சுப்பிழை இருந்தாலும் மற்றப் பிரதி சரியாயிருந்தால் காரியம் நடந்துவிடும். அப்படிப்பட்டவர் நம்மையும் உங்களையும் போலத் திடகாத்திரமாக நடமாடுவார். தம்மிடம் பிழை இருப்பதே அவருக்குத் தெரியாது. இரண்டு பிரதியிலும் பிழை சேர்ந்துவிட்டால்தான் தட்டணுவின் கை முளைக்காமற் போகின்றது. ஆகவே கிளான்ஸ்மன் நோயுள்ள குழந்தைக்குத் தகப்பனும் ஒரு பிழைப் பிரதி கொடுத்திருக்கின்றான். தாயும் ஒரு பிழைப் பிரதி கொடுத்திருக்கின்றாள். சரிக்குச் சரி. இப்படிப்பட்ட இருவருக்கும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கின்றது.

தாய் வழியாக மாத்திரம் வரும் தட்டணு நோயும் உண்டு. அதை மறைக்க நமக்கு அவசியமில்லை. தட்டணு சிறுத்தும் குறைந்தும், தோலில் கரப்பானும், ஓயாத சீழும் காய்ச்சலுமாக ஆண் குழந்தைகளை வாட்டும் விஸ்காட் - ஆல்ட்ரிச் நோய் அத்தகையது. ஒரே ஒரு பிழைப் பிரதி இருந்தாலே போதுமென்று, தகப்பன் வழியாகவோ தாய் வழியாகவோ இறங்கும் வகைகளும் உண்டு. ஆனால் எந்த வகையானாலும், தன் உடம்பிலுள்ள எழுத்தைத் தானே எழுதிக்கொண்டவர் யாராவது உண்டா? மூக்கு எந்த வடிவத்தில் இருக்க வேண்டுமென்று மனுச் செய்துகொண்டு பிறந்தவர் உண்டா? இல்லையென்றால், இதில் தாயின் பாவம் எங்கே வந்தது? பூர்வ ஜென்மம் எங்கே வந்தது?

சாபமென்று சாதிப்பவர்களுக்கு இன்னொரு கேள்வி. இதே கிளான்ஸ்மன் நோய், ஈராக்கிலிருந்து இஸ்ரேலுக்குக் குடியேறிய யூதர்களிடத்தில் இருக்கின்றது. அங்குள்ள அராபியர்களிடத்தில் இருக்கின்றது. பிரான்சு தேசத்தில் வண்டி கட்டித் திரிந்த நாடோடிக் கூட்டத்தாரிடத்திலும் இருக்கின்றது. அவர்கள் எந்த அய்யனாருக்குக் கிடா வெட்டாமல் விட்டார்கள்? எந்த மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற மறந்தார்கள்? அவர்கள் சாமியும் வேறு, வேதமும் வேறு, சடங்கும் வேறு. பொதுவாக இருப்பது ஒன்றுதான்: அவர்களும் நம்மைப் போலவே தங்கள் கூட்டத்திற்குள்ளேயே, சொந்தத்திற்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள். வேலூர் டாக்டர்கள் இஸ்ரேல் விஞ்ஞானிகளோடு சேர்ந்து, தென்னிந்தியாவில் ஒருவருக்கொருவர் உறவில்லாத 15 கிளான்ஸ்மன் நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். அதில் அதுவரையில் உலகத்தில் அறியப்படாத 10 புதிய பிழைகள் அகப்பட்டன. அதாவது இந்த நோய் ஒரு மூலத்திலிருந்து ஊரெல்லாம் பரவியதாகத் தெரியவில்லை. அங்கங்கே குடும்பத்துக்குக் குடும்பம் வெவ்வேறு பிழை தூங்கிக் கிடக்கின்றது. அதைத் தட்டி எழுப்புவது யார் என்பதே கேள்வி.

அதைத் தட்டி எழுப்புவது நம் சம்பந்தம் பேசும் யோக்கியதைதான் என்கின்றோம். 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்ட கலியாணங்கள் இரத்த சொந்தத்திற்குள் நடந்தவை. அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று "முறை" சொல்லி நடப்பவை. சொத்து வெளியே போகக் கூடாது, சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்பது காரணமாம். சொத்தோடு சொத்தாக அச்சுப்பிழையும் வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கின்றது என்பதை யார் நினைக்கின்றார்கள்?

நாம் காட்டூரில் இதைப் பேசியபோது ஒரு பெரியவர் எழுந்து, "எங்கள் பாட்டன் பூட்டனெல்லாம் அக்காள் மகளைத்தான் கட்டினார்கள், என்ன கெட்டுப்போயிற்று?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். சொந்தத்தில் கட்டியவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகவே இருக்கின்றார்கள்; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாட்டன் காலத்தில் பத்துப் பெற்று நான்கைப் புதைத்தார்கள். எந்தக் குழந்தை எதனால் போயிற்று என்று யார் எழுதி வைத்தார்கள்? மாந்தம் என்றார்கள், கண்ணேறு என்றார்கள், தெய்வம் எடுத்துக்கொண்டது என்றார்கள். கணக்கே எழுதாத கடையில் நஷ்டமே இல்லையென்று சொன்னால் அதை நம்பலாமா?

கணக்கைப் பாருங்கள். நாம் சொன்ன காட்டூர் வீட்டிலேயே, அந்தத் தகப்பனுடைய தம்பிக்கும், அந்தத் தாயினுடைய தங்கைக்கும் வருகின்ற தையில் முகூர்த்தம் குறித்திருக்கின்றார்கள். அதாவது அதே அக்காளின் இரண்டாவது மகள். தகப்பனிடம் பிழை இருப்பது தெரிந்துவிட்டது. ஆகவே அவன் தம்பியிடமும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தாயிடமும் இருப்பது தெரிந்துவிட்டது. அவள் தங்கையிடமும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருவரிடத்திலும் சேர்ந்து இருக்க நான்கில் ஒன்று. இருந்தால் பிள்ளைக்கு நோய் வர மறுபடியும் நான்கில் ஒன்று. ஆக, கட்டுகின்ற தாலியிலேயே பதினாறில் ஒரு பங்கு இந்த நோய் முடிந்து வைத்திருக்கின்றது. அந்தத் தம்பி உறவில்லாத ஒரு பெண்ணைக் கட்டுவானானால், அவளிடமும் இதே மரபணுவில் பிழை இருப்பது பல நூறு பேரில் ஒருவருக்கு வரும் தற்செயலே; அப்பொழுது பிள்ளைக்கு வரும் ஆபத்து ஆயிரத்துக்கும் மேற்பட்டதில் ஒன்றாகச் சுருங்கிவிடும். பத்துப் பொருத்தம் பார்த்த ஜோசியர் இந்தப் பதினாறை ஏன் பார்க்கவில்லை? நாடிப் பொருத்தம் சொன்னவர் இரத்தப் பொருத்தத்தை ஏன் சொல்லவில்லை? கட்டணத்தை மாத்திரம் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.

சட்டம் என்ன செய்தது? 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் தாய்மாமன் - மருமகள் கலியாணத்தையும், அண்ணன் தங்கை பிள்ளைகள் கலியாணத்தையும் கூடாதென்று ஒரு கையால் எழுதிவிட்டு, வழக்கமிருந்தால் செய்துகொள்ளலாமென்று மறு கையால் அழித்துவிட்டது. நம் நாட்டில் வழக்கமில்லாத முட்டாள்தனம் ஏது?

இனி நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1967ஆம் ஆண்டுச் சட்டத்தினால் புரோகிதமில்லாத சுயமரியாதைத் திருமணம் இந்த மாகாணத்தில் செல்லும்படியாயிற்று. ஐயரை விலக்கினோம், அக்கினியை விலக்கினோம், அம்மி மிதிப்பதை விலக்கினோம். மாலை மாற்றிக்கொண்ட மேடையில் நாமும் நின்று வாழ்த்துப் பேசியிருக்கின்றோம். கீழே இறங்கி, மணமகள் யாரென்று விசாரித்தால், மணமகனின் அக்காள் மகள் என்கின்றார்கள்! புரோகிதனை வாசலோடு அனுப்பிவிட்டு, அவனைவிடப் பழைய வழக்கத்தை மணவறையில் உட்கார வைப்பது எந்தச் சுயமரியாதை? சொந்தத்தில் கட்டாமல் சாதிக்குள் கட்டினால் மாத்திரம் போதுமென்பதும் சரியல்ல. சில நூறு குடும்பங்களே உள்ள ஒரு சிறு சாதி, தலைமுறை தலைமுறையாகத் தனக்குள்ளேயே கொண்டு கொடுத்து வந்தால், அதுவும் பெரியதொரு சொந்தமே. சாதி ஒழிந்தால் மனிதனுக்கு மானம் வருமென்று இதுவரை சொல்லி வந்தோம். குழந்தைக்கு இரத்தம் நிற்பதற்கும் அது உதவும் என்பதைச் சேர்த்துச் சொல்லுகின்றோம்.

பெண் குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 1924இல் பின்லாந்து தேசத்தைச் சேர்ந்த ஓலாந்து தீவிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை டாக்டர் எரிக் வில்லிபிராண்டிடம் கொண்டு வந்தார்கள். நாம் மேலே சொன்ன முளைப் புரதம் குறைந்த நோய் அவளுக்கு. அந்தக் குடும்பத்தையே ஆராய்ந்து 1926இல் அவர் எழுதினார். அந்தச் சிறுமி பதின்மூன்றாவது வயதில், தன்னுடைய நான்காவது மாதவிடாயிலே இரத்தம் நிற்காமல் செத்துப் போனாள். தட்டணுக் கோளாறுள்ள பெண்ணுக்கும் ஆபத்தான சமயம் இதுவே. நம் நாட்டில் அந்தச் சமயத்தில் என்ன செய்கின்றோம்? குச்சுக்குள் உட்கார வைக்கின்றோம். தனிப் பாய், தனித் தட்டு கொடுக்கின்றோம். ஆண்பிள்ளை காதில் விழக் கூடாதென்று வாயை மூடுகின்றோம். எத்தனை துணி நனைந்தது என்று கேட்பாரில்லாமல் ஒரு பெண் மூலையில் வெளிறிக் கிடப்பாளானால், அந்தத் தீட்டு என்கின்ற வார்த்தைதான் அவளைக் கொல்லுகின்றது. அது பெண்ணுக்கு வந்த தீட்டா, நம் அறிவுக்கு வந்த தீட்டா என்று கேட்கின்றோம். வயதுக்கு வருமுன்னரே டாக்டரிடம் கலந்து வைத்துக்கொண்டால், மாத்திரையாலேயே அந்தப் போக்கை அடக்க வழியிருக்கின்றது.

மருந்தில்லாத நோயென்று பயமுறுத்த நாம் இதை எழுதவில்லை. இரத்தக் கட்டியைக் கரையாமல் காக்கும் ட்ரானெக்ஸாமிக் அமிலம் இருக்கின்றது. பெரிய போக்கிற்குத் தட்டணு ஏற்றலாம். கிளான்ஸ்மன் குழந்தைக்கு அடிக்கடி ஏற்றினால் உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிடக்கூடுமாதலால் யோசித்து ஏற்ற வேண்டும். அதற்கென்றே உறையச் செய்யும் ஏழாம் காரணி மருந்தும் வந்திருக்கின்றது. விலைதான் ஏழைக்கு எட்டாது. மிகக் கடுமையான சிலருக்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையும் உண்டு. செலவில்லாத மருந்து ஒன்றும் இருக்கின்றது, அது எச்சரிக்கை. இந்தக் குழந்தைகளுக்கு ஆஸ்பிரினும், ஐபுபுரோபனும், டைக்ளோபினாக்கும் ஆகாது. டாக்டரைக் கேட்காமல் சதையில் ஊசி கூடாது. பல் பிடுங்குவதானாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூக்கில் வந்தால் உட்கார வைத்துத் தலையை முன்னே சாய்த்து, மூக்கின் மெல்லிய பாகத்தைப் பத்து நிமிடம் விடாமல் பிடிக்க வேண்டும். காது குத்து, சமயபுரத்து மொட்டை, சுன்னத்து ஆகியவை எந்த மதத்தின் பேரால் வந்தாலும், குடும்பத்தில் இரத்தம் நிற்காத பேர் யாராவது இருந்தார்களா என்று கேட்காமல் குழந்தையின் மேல் ஊசியும் கத்தியும் வைக்கக் கூடாது.

சர்க்காரையும் கேட்கின்றோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இரத்த நோய்களென்று ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாளணு நோய் மூன்றையும் எழுதினார்கள். எண்ணிக்கை சரியாயிருந்தும் இரத்தம் நிற்காத குழந்தை அந்த அட்டவணையில் எழுதப்படவில்லை. ஏன்? தட்டணு வேலை செய்கின்றதா என்று பார்க்கும் பரிசோதனைக்காகத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு ரயில் ஏற வேண்டிய நிலை எதற்கு? திருச்சியில் கி.ஆ.பெ. விசுவநாதம் பேரால் 1997இல் அரசு மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. இப்படி மாவட்டத்துக்கு மாவட்டம் கல்லூரி கண்ட நாட்டில், அந்தப் பரிசோதனையும், மரபணு ஆலோசனையும், கலியாணத்துக்கு முந்திய யோசனையும் ஏழைக்கு இலவசமாகக் கிடைக்கச் செய்வது முடியாத காரியமா? திருவிழாப் பந்தோபஸ்துக்கு ஆள் கிடைக்கின்றது, இதற்குக் கிடைக்காதா?

காட்டூர்க் குழந்தை இப்பொழுது பிழைத்து ஓடி விளையாடுகின்றது. குறி சொன்னவரை நம்பாமல் தகப்பன் தட்டணுவின் வேலையைச் சோதிக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதால் பிழைத்தது. நோயின் விவரத்தை ஒரு காகிதத்தில் படம் போட்டு, இரண்டு பிரதிக் கணக்கை நாம் அந்த வீட்டில் விளக்கிச் சொன்னோம். எல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தாய், "அப்போ இது என் குத்தம் இல்லையா, அண்ணே?" என்று கேட்டாள். மலைக்கோட்டையில், பிரசவத்துக்குத் தாயாகவே வந்தாரென்று கும்பிடப்படும் சாமிக்கு வாழைத்தார் கட்டிப் பெற்ற பிள்ளை அது. பெற்ற நாள் முதலாக அவளிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல சாமியாலும் ஆகவில்லை, சாமியை நம்பிய சொந்தக்காரர்களாலும் ஆகவில்லை. "இல்லையம்மா" என்று சொன்னோம். மாமியார் அம்மாளிடமும் அதையே சொன்னோம்: பிழை அவரிடமிருந்து வந்திருக்கலாம், காலஞ்சென்ற அவர் கணவரிடமிருந்தும் வந்திருக்கலாம், அதற்காக அவர்களையும் குற்றஞ் சொல்ல ஒருவருக்கும் பாத்தியதை இல்லை. தெரியாமல் கொடுத்தது குற்றமாகாது. தெரிந்த பிறகும் கொடுப்பதுதான் குற்றம்.

தைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதென்றும், பத்திரிகை அடித்தாகிவிட்டதென்றும் சொல்லுகின்றார்கள். குடும்பத்துப் பிழை இன்னதென்று தெரிந்துவிட்டபடியால், அந்தத் தம்பியும் அந்தப் பெண்ணும் ஒரு குழாய் இரத்தம் கொடுத்தால் தங்களிடம் அது இருக்கின்றதா என்று தெரிந்துகொள்ளலாம். பிறகு முடிவு அவர்களுடையது. முன்பணம் போனால் திரும்பச் சம்பாதிக்கலாம், தோழர்களே! பதினாறில் ஒன்றாக வரப்போகும் அந்தக் குழந்தைக்கு, இப்பொழுது பேச வாயில்லை. அதற்காக நாம் பேசுகின்றோம்.